வரைபடம் வாங்கும் முன் ஓரத்தைப் படியுங்கள்

அச்சு வரைபடங்கள் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். எல்லோரும் முதலில் பார்ப்பது நிறத்தையும், தாள் எவ்வளவு பெரிது என்பதையும்தான். வாங்கலாமா வேண்டாமா என்பதற்கான விவரமோ பெரும்பாலும் தாளின் கீழ் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது. அதனால் பதில்கள் திரும்பத் திரும்ப அந்த ஓரத்துக்கே வரும்.

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் ஒரு வாரம் மலைப்பகுதியில் நடக்கப் போகிறோம். எல்லோரிடமும் ஃபோன் இருக்கிறது. காகித வரைபடமும் வேண்டுமா? வேண்டுமென்றால் எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: அவசியம் வேண்டும். ஃபோனைக் குறை சொல்லவில்லை. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டிவிடும். ஆனால் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், நனைந்த திரை விரலுக்குக் கட்டுப்படாது. அதைவிட முக்கியம், நாலு பேர் சுற்றி உட்கார்ந்து நாளைய வழியைப் பேசி முடிவெடுக்கக் கையகலத் திரை போதாது. பக்கத்துப் பள்ளத்தாக்கு வழியாக இறங்க இன்னொரு பாதை இருப்பது, விரித்துப் போட்ட தாளில்தான் கண்ணில் படும்.

கடையில் தாளை விரித்து முதலில் அளவையைப் பாருங்கள். நடப்பதற்கு 1:50,000 அல்லது 1:25,000. முதலாவதில் 1 செ.மீ. என்பது தரையில் 500 மீட்டர். இரண்டாவதில் 250 மீட்டர். எண் பெரிதாக இருந்தால் விவரமும் அதிகம் இருக்கும் என்று நினைத்துப் பலர் 1:2,50,000 வரைபடத்தை வாங்கிவிடுகிறார்கள். விஷயம் நேர் எதிர். அது வண்டியில் போகிறவர்களுக்கானது. ஒரு செ.மீ.க்குள் இரண்டரை கிலோமீட்டர் அடங்கிவிடுவதால் ஒற்றையடிப் பாதைக்கு அதில் இடமே இருக்காது.

அடுத்து சம உயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் எத்தனை மீட்டர் உயர வித்தியாசம் என்று ஓரத்தில் போட்டிருப்பார்கள். போடவில்லை என்றால் அந்த வரைபடம் மலைக்கு உதவாது. இதை வைத்து நடக்கும் நேரத்தையே கணக்குப் போடலாம். 1:50,000 வரைபடத்தில் உங்கள் பாதை 12 செ.மீ. என்று வையுங்கள், அதாவது 6 கிலோமீட்டர். ஏறும் வழியில் 20 மீட்டர் இடைவெளியுள்ள கோடுகள் 15 குறுக்கிடுகின்றன, அதாவது 300 மீட்டர் ஏற்றம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: தோராயமாக 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அப்படிப் பார்த்தால் உங்களுக்கு 1 மணி 12 நிமிடமும் அதோடு அரை மணியும் ஆகும். சுமையோடு போகிறவர்களுக்கும் நின்று நின்று போகிறவர்களுக்கும் இதைவிடக் கூடுதலாகவே ஆகும். இருட்டும் முன் இறங்க முடியுமா என்பதைக் கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ள இந்தக் கணக்கு போதும்.

திசைகாட்டி எடுத்துப் போவதானால், வரைபட வடக்குக்கும் திசைகாட்டி முள் காட்டும் காந்த வடக்குக்கும் உள்ள கோண வித்தியாசம் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அது ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதனால் எந்த ஆண்டுக்கான அளவு என்பதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

கடைசியாகத் தாள். சாதாரணக் காகிதம் முதலில் கிழிவது நீள மடிப்பும் குறுக்கு மடிப்பும் சந்திக்கும் மூலையில்தான். என்னிடம் இருந்த ஒரு வரைபடத்தில் அந்த மூலை உதிர்ந்து ஓட்டை விழுந்தது. ஓட்டையோடு போனது நாங்கள் கடக்க வேண்டிய ஆற்றுப் பாலம். அப்போதிலிருந்து நடைப்பயணத்துக்குப் பிளாஸ்டிக் இழைத் தாளில் அச்சிட்டதைத்தான் வாங்குகிறேன். கிடைக்கவில்லை என்றால், அன்றைய பகுதி வெளிப்பக்கம் தெரியும்படி மடித்து, தெளிவான உறைக்குள் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கூடத்துச் சுவருக்கு உலக வரைபடம் தேடுகிறேன். ஒன்றில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு இருக்கிறது, இன்னொன்றில் சின்னதாக இருக்கிறது. எது சரி?

பதில்: பரப்பைப் பொறுத்தவரை சின்னதாகக் காட்டுவதுதான் சரி. கிரீன்லாந்து சுமார் 21 லட்சம் சதுர கி.மீ., ஆப்பிரிக்கா சுமார் 3 கோடி. கிட்டத்தட்ட 14 கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குள் அடங்கும். நீங்கள் பார்த்த முதல் படம் மெர்கேட்டர் முறை. 1569-இல் கடலோடிகளுக்காக வந்தது அது. அதில் ஒரு நேர்கோடு இழுத்தால் திசைகாட்டியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொண்டு போய்ச் சேரலாம். அந்த வசதிக்காகத் துருவப் பக்கம் உள்ள நிலம் எல்லாம் ஊதிப் பெருகும்படி ஆகிவிட்டது. கப்பல் ஓட்டுவதற்கு அருமையான படம். கூடத்தில் மாட்டி தினமும் பார்ப்பதற்கு அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

உருண்டையான பூமியைத் தட்டைத் தாளில் விரிக்கும்போது வடிவமும் பரப்பும் இரண்டுமே முழுதாகத் தப்பிக்க முடியாது. எதை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்பதை ஓரத்தில் புரொஜெக்‌ஷன் என்ற பெயரில் சொல்லியிருப்பார்கள். ராபின்சன், விங்கெல் டிரிபெல் என்று இருந்தால் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்துக் கண்ணுக்கு இயல்பாகத் தெரியும்படி வரைந்தது. பரப்பு சரியாகவே இருக்க வேண்டும் என்றால் 2018-இல் வந்த ஈக்வல் எர்த் முறையைத் தேடுங்கள், சுவருக்கு என் விருப்பம் அதுதான். எந்த முறை என்று சொல்லாத படத்தை அலங்காரமாக வேண்டுமானால் வாங்கலாம்.

கேள்வி: மகளுக்கு ஒன்பது வயது. புவியியலில் ஆர்வம் வந்திருக்கிறது. உலக உருண்டை, அட்லஸ், சுவர்ப் படம் மூன்றில் எதை முதலில் வாங்கலாம்?

பதில்: முதலில் உருண்டை. சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு நூலை எடுத்து நியூயார்க்கில் ஒரு முனையும் டோக்கியோவில் ஒரு முனையும் பிடித்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நூல் அலாஸ்கா பக்கமாகப் போகும். தட்டைப் படத்தில் பசிபிக்கின் நடுவே நேராகப் போக வேண்டும் என்று தோன்றிய வழி அது. பூமி உருண்டை என்பதற்கு என்ன அர்த்தம் என்று இந்த நூலே அவளுக்குக் காட்டிவிடும்.

அப்புறம் அட்லஸ். அதே நூலை ஆப்பிரிக்காப் பக்கத்தில் நைல் நதி மேல் வளைத்து வளைத்து வைத்து, பிறகு நீட்டி, ஓரத்தில் கிலோமீட்டர் குறித்திருக்கும் அளவைக் கோட்டோடு ஒப்பிடச் சொல்லுங்கள். நைலின் நீளம் சுமார் 6,650 கி.மீ. என்கிறார்கள். அவளுக்குக் குறைவாகத்தான் வரும். ஏன் என்று கேட்பாள். சின்ன அளவையில் ஆற்றின் சிறு வளைவுகளை எல்லாம் நேராக்கித்தான் வரைய முடியும் என்று அப்போது சொல்லுங்கள், மனதில் பதியும்.

ஒரு விஷயத்தை மட்டும் ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். இயற்கை அமைப்புப் படத்தில் பச்சை என்பது காடு அல்ல, தாழ்வான நிலம். எகிப்தின் கட்டாரா பள்ளம் கடல் மட்டத்துக்கு 133 மீட்டர் வரை கீழே இறங்குகிறது. அதனால் பல அட்லஸ்களில் அது பச்சையாக இருக்கும். அங்கே இருப்பதோ பாலைவனமும் உப்புச் சதுப்பும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பல பிள்ளைகள் வருடக்கணக்காகச் சகாராவில் காடு இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அட்லஸ் வாங்கும்போது நிறங்களுக்கான குறிவிளக்கம் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறதா, முன்பக்கத்தில் மட்டும் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இருப்பதே பிள்ளைகளுக்கு நல்லது.

சுவர்ப் படத்தைக் கடைசியில் வாங்கலாம். வாங்கினால் அவள் கண் மட்டத்தில் மாட்டுங்கள், உங்கள் கண் மட்டத்தில் அல்ல.

கேள்வி: பாதி விலைக்கு ஒரு அட்லஸ் கிடைக்கிறது. அச்சிட்ட ஆண்டு புதிதாகத்தான் இருக்கிறது. நம்பலாமா?

பதில்: அச்சிட்ட ஆண்டை மட்டும் நம்பாதீர்கள். பழைய தகடுகளையே மறுபடி அச்சிட்டால் ஆண்டு மட்டும் புதிதாகும். திருத்திய பதிப்பு எந்த ஆண்டு என்று தேடுங்கள். அது இல்லையென்றால் சில இடங்களைத் திருப்பிப் பார்த்தாலே வயது தெரிந்துவிடும். சூடான் ஒரே நாடாக இருந்தால் 2011-க்கு முந்தையது. ஸ்வாசிலாந்து என்றிருந்தால் 2018-இல் எஸ்வாட்டினி என்று மாறியதைச் சேர்க்கவில்லை. வட மாசிடோனியா என்றில்லாமல் மாசிடோனியா என்று மட்டும் இருந்தால் 2019-க்கு முந்தையது. கஜகஸ்தான் தலைநகர் இன்னும் நல்ல அடையாளம்: 2019-இல் அஸ்தானா என்ற பெயரை நூர்சுல்தான் என்று மாற்றி, 2022-இல் மறுபடி அஸ்தானா ஆக்கினார்கள். நூர்சுல்தான் என்றிருந்தால் அந்த மூன்றரை ஆண்டுகளுக்குள் தொகுத்தது.

இதிலெல்லாம் பழையதாக இருந்தாலும் மலை, ஆறு, கண்டங்களைப் படிக்க அந்தப் பாதி விலை அட்லஸ் தாராளமாக உதவும். ஏரல் கடலை மட்டும் அதில் நம்ப வேண்டாம். 1960-களிலிருந்து அது சுருங்கி, பெரும்பகுதி வறண்டுவிட்டது.

கேள்வி: சுவர்ப் படத்துக்கு லேமினேஷன் நல்லதா?

பதில்: பிள்ளைகள் எழுதி அழிக்கப்போகிறார்கள் என்றால் நல்லது. பளபளப்பில்லாத மேட் வகையாகக் கேளுங்கள், இல்லையென்றால் ஜன்னல் வெளிச்சம் விழுந்து பாதிப் படம் தெரியாது. பழைய, அரிய வரைபடத்துக்கு வேண்டவே வேண்டாம். ஒருமுறை ஒட்டினால் பிரிக்க முடியாது. வெயில் நேராக விழும் சுவரையும் தவிர்த்துவிடுங்கள். சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறி, கொஞ்ச காலத்தில் உலகமே நீலமாகிவிடும்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய 90 செ.மீ. அகலப் படம் மங்கலாக வந்திருக்கிறது. சின்ன ஊர்ப்பெயர்களைப் படிக்கவே முடியவில்லை. திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: கொடுங்கள். சிறிய கோப்பு ஒன்றை இழுத்துப் பெரிதாக்கி அச்சிட்டிருக்கிறார்கள். அந்த அகலத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமென்றால் கோப்பு சுமார் 10,600 பிக்சல் அகலம் இருக்க வேண்டும். படிக்க முடியாத எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். விற்பவர் விளம்பரத்தில் காட்டிய படத்தையும் சேமித்து, இரண்டையும் சேர்த்து எழுத்து மூலமாக அனுப்புங்கள். பொருள் திரும்பப் போகும்வரை உறையைத் தூக்கிப் போடாதீர்கள்.

அடுத்த முறை நடைப்பயண வரைபடத்தை இப்படி வாங்கினாலோ, கோப்பை வீட்டில் அச்சிட்டாலோ இன்னொன்றையும் அளந்து பாருங்கள். பக்கத்துக்குள் பொருந்தட்டும் என்று சுருக்கி அச்சிட்டால், ஓரத்தில் 1:50,000 என்ற எழுத்து அப்படியே இருக்கும், அளவை மட்டும் மாறியிருக்கும். ஒரு கிலோமீட்டர் கட்டம் ஒன்றின் மேல் ஸ்கேலை வையுங்கள். சரியாக 2 செ.மீ. வர வேண்டும். 1.8 வந்தால் அந்த எண்ணை விட்டுவிட்டு, படத்தோடு சேர்ந்தே சுருங்கியிருக்கும் அளவைக் கோட்டை வைத்து மட்டும் தூரத்தை அளங்கள்.