நிமோனியாவுக்குப் பிறகு கால் தளர்ந்தால்: கேள்வி பதில்

(மதுரையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் 20 ஆண்டுகள் வேலை பார்த்த செவிலியர் பதில் சொல்கிறார்.)

உசிலம்பட்டி வாசகி: அக்கா, வீட்டுக்காரருக்கு நிமோனியா வந்து சரியாச்சு. பத்து நாள் கழிச்சு ரெண்டு பாதமும் மரத்துச்சு. இன்னிக்குப் படி ஏற முடியலை. அத்தை வாயுப்பிடிப்புன்னு எண்ணெய் தேய்க்கச் சொல்றாங்க. காலையில காட்டலாமா?

காலை வரைக்கும் பொறுக்காதே தங்கச்சி. 108-ஐக் கூப்பிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ. இது கில்லன்-பாரி நோயாக இருக்கலாம். ஆண்டுக்கு லட்சம் பேரில் ஓரிருவருக்குத்தான் வரும். நுரையீரலில் புகுந்த கிருமியை அழிக்கக் கிளம்பிய எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாமல் சொந்த நரம்பையே தாக்குகிறது. பெரும்பாலும் காலில் தொடங்கி மேலே ஏறும். நான் பயப்படுவது மூச்சுத் தசைக்குத்தான். சுமார் நாலில் ஒருவருக்கு வென்டிலேட்டர் தேவைப்படும். வண்டி வரும்வரை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல். 20-ஐ எட்டவில்லை என்றால் வண்டியில் வருபவரிடம் முதலில் அதைச் சொல். ஆக்சிஜன் அளக்க விரலில் மாட்டும் கருவி 98 காட்டுகிறதே என்று இருந்துவிடாதே, அது கடைசியில்தான் இறங்கும். புரை ஏறினால் தண்ணீர்கூடக் கொடுக்காதே.

மேலூர் வாசகர்: இந்த நோய்தானான்னு பார்க்க முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தால் கால் விழுந்துடும்ங்கிறாங்களே?

இல்லை அண்ணே. கால் விழுவது நோயால். ஊசி போடும் நேரத்தில் நோயும் ஏறிக்கொண்டிருப்பதால் பழி ஊசி மேல் விழுகிறது. இந்த நோய் இருந்தால், வெள்ளை அணுக்கள் கூடாமல் அந்த நீரில் புரதம் மட்டும் கூடியிருக்கும். 1916-லேயே கண்ட அடையாளம் இது. முதல் வாரத்தில் கூடாமலும் இருக்கலாம். ஸ்டீராய்டு கேட்டு மருத்துவரை நெருக்காதீர்கள், இதில் அது பலன் தராது. இம்யூனோகுளோபுலின் (தானம் தந்தவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரதம்) ஏற்றுவது அல்லது பிளாஸ்மா மாற்றம் (ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்துவிட்டு மாற்று நீர் ஏற்றுவது), இரண்டில் ஒன்று போதும்.

திருமங்கலம் வாசகி: டிபி மாத்திரை சாப்பிடும் அம்மாவுக்குப் பாதம் எரியுது. இதுவும் அதுவா?

பெரும்பாலும் இல்லை. டிபிக்குக் கொடுக்கும் ஐசோநியாசிட் மாத்திரை பி6 சத்தைக் குறைப்பதால் எரியலாம். அதற்குப் பைரிடாக்சின், அதாவது பி6 சத்து மாத்திரை, கொடுப்பார்கள். டிபி மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வாடிப்பட்டி வாசகர்: தம்பி கில்லன்-பாரி வந்து மூச்சுக் குழாயோட படுத்திருக்கான். நடப்பானா?

ஆறு மாதத்தில் பத்தில் எட்டுப் பேர் பிடிமானமின்றி நடக்கிறார்கள். அசையாவிட்டாலும் அவனுக்குக் காது கேட்கும், அறிவு தெளிவாக இருக்கும். கட்டில் பக்கத்தில் நின்று செலவுக் கணக்குப் பேசாதீர்கள். வீட்டு விஷயம் சொல்லுங்கள். இமை அசைந்தால், ஒரு சிமிட்டல் ஆமாம், இரண்டு இல்லை என்று பழக்குங்கள். "வலிக்குதா?" என்று முதலில் கேளுங்கள். இந்த நோயில் வலி கடுமையாக இருக்கும், அவனால் வாய்விட்டுச் சொல்ல முடியாது.