இரண்டு வேலைக்கு நடுவே தூக்கம்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, நான் சிங்கப்பூர் நிரந்தரவாசி. இரவு 8 முதல் காலை 8 வரை செக்யூரிட்டி வேலை, மதியம் 2 முதல் 6 வரை துப்புரவு வேலை. காலை 9:30க்குப் படுத்தாலும் 12 மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது.

பதில்: அது உங்கள் தப்பில்லை தம்பி. நண்பகலில் உடம்புச் சூடு ஏறும். உடம்பு விழிக்கத்தான் பார்க்கும். வேலை முடிந்து வரும்போது காலை வெயில் கண்ணில் பட்டால் அந்த விழிப்பு இன்னும் வலுக்கும். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு வாருங்கள். ஜன்னலைக் கனத்த துணியால் மறையுங்கள், காற்றாடி கால் பக்கம் ஓடட்டும். 9:30 முதல் 1:30 வரை என்ற நேரத்தை லீவு நாளிலும் மாற்றாதீர்கள். இந்த நான்கு மணி நேரம் நாளுக்கு நாள் மாறாமல் இருந்தால்தான் உடம்பு பழகும்.

ஆனால் கணக்குப் பாருங்கள். வேலை 16 மணி, பயணம் 2 மணி. மீதி ஆறில் குளியலும் சாப்பாடும் போனால் தூக்கத்துக்கு நாலரைகூடத் தேறாது. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். இந்தப் பற்றாக்குறையை எந்த உத்தியும் அடைக்காது. மதிய வேலையை ஒன்றுவிட்டு ஒரு நாளாக்கக் கேளுங்கள்.

கேள்வி: விடியற்காலை 5 மணிக்கு ஒரு கோப்பி ஓ (பால் சேர்க்காத கோப்பி) குடித்தால்தான் தாக்குப் பிடிக்க முடிகிறது. பரவாயில்லையா?

பதில்: அதில் உள்ள காஃபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். காலை 10 மணிக்கும் பாதி உடம்பில் இருக்கும். தூக்கம் வந்தாலும் ஆழமிருக்காது. கடைசிக் கோப்பியை இரவு 2 மணிக்குள் முடியுங்கள். தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) கூட இந்தக் கணக்கில் சேரும்.

கேள்வி: வொர்க் பர்மிட்டில் இருக்கிறேன். ஓய்வு நாளில் சாப்பாட்டுக் கடையில் நிற்கலாமா?

பதில்: வேண்டாம். பர்மிட்டில் உள்ள முதலாளிக்குத்தான் வேலை செய்யலாம். மீறினால் 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. கூடுதல் காசு வேண்டுமென்றால் சொந்த முதலாளியிடம் ஓவர்டைம் கேளுங்கள். அதுவும் மாதம் 72 மணி நேரம்தான். உடலுழைப்பு வேலையில் மாதச் சம்பளம் 4,500 வெள்ளிக்குள் இருந்து, முதலாளி சொல்லி ஓய்வு நாளில் முழு நாள் உழைத்தால் இரண்டு நாள் சம்பளம் தர வேண்டும்.

கேள்வி: ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும்போது கண் சொருகுகிறது.

பதில்: உடனே நிறுத்தி இறங்குங்கள். ஜன்னலைத் திறப்பதும் பாட்டுப் போடுவதும் உதவாது; சில விநாடித் தூக்கம் வருவதே தெரியாது. சூப்பர்வைசரிடம் சொல்லி 20 நிமிடம் படுங்கள். எழுந்தபின் கொஞ்ச நேரம் மந்தமாக இருக்கும், அது தெளிந்த பிறகே ஏறுங்கள். குறட்டையும் மூச்சுத் திணறலும் சேர்ந்திருந்தால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) டாக்டரிடம் காட்டுங்கள்.