மாளிகை இல்லாத செட்டிநாடு

மதிப்பிற்குரிய ஐயா,

செட்டிநாட்டைப் பற்றி நீங்கள் எழுதும்போதெல்லாம் ஆத்தங்குடித் தரைக்கல்லும் தேக்குத் தூணும் வந்துவிடுகின்றன. என் கணவரின் ஊர் காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அறுபது தலைக்கட்டு, அதாவது அறுபது குடும்பம். மாளிகை ஒன்றுகூடக் கிடையாது. கண்மாய், வயல், ரேஷன் கடை, அவ்வளவுதான். ஓய்வு பெற்றதும் அங்கேயே போய்விடலாம் என்கிறார். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அங்கே வசதி என்று என்ன இருக்கும்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நானும் விவசாயக் குடும்பம்தான். ஆனாலும் எழுத உட்கார்ந்தால் கை தானாக முகப்பும் வளவும் (உள்முற்றம்) உள்ள வீடுகளின் பக்கம் போய்விடுகிறது. செட்டியார்கள் பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் செய்த பணத்தில் எழுந்த வீடுகள் அவை. உங்கள் கணவரின் ஊர் ஐப்பசி, கார்த்திகை மழையில் பிழைத்த ஊர்.

மின்சாரம், தார்ச்சாலை, அங்கன்வாடி எல்லாம் இந்தப் பக்கத்து ஊர்களுக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022-லிருந்து காலை உணவும் தொடங்கிவிட்டது. இவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். பஸ்ஸைத்தான் விசாரிக்க வேண்டும். வருகிறதா என்று கேட்டால் எல்லோரும் வருகிறது என்பார்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ஆள் குறைந்தால் முந்தின ஊரிலேயே திரும்பிவிடுமா என்று கேளுங்கள். எங்கள் ஊர் மினி பஸ் அப்படித் திரும்பும். ஒரு மழை நாளில், நிறைமாதமாக இருந்த என் தங்கை டாக்டரைப் பார்த்துவிட்டு வரும்போது பாதி வழியில் இறக்கிவிடப்பட்டு, ஒன்றரைக் கிலோமீட்டர் சேற்றில் நடந்து வீடு வந்தாள். அம்மா இன்றுவரை அந்தக் கண்டக்டரை மன்னிக்கவில்லை.

அடுத்தது தண்ணீர். என் சிறு வயதில் குடிக்க ஊருணித் தண்ணீர்தான். யாரும் அதில் கால் நனைக்க மாட்டார்கள். மாட்டை இறக்கினால் பஞ்சாயத்தில் அபராதம். இப்போது காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. நல்லதுதான், இடுப்பில் குடம் சுமந்தவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் குழாய் வந்த பிறகு ஊருணியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. குழாயில் வராத நாளில் லாரியை எதிர்பார்த்து நிற்கிறோம். உங்கள் ஊர் ஊருணிப் படியில் பாசி மட்டும் இருந்தால் பரவாயில்லை. பிளாஸ்டிக் பை மிதந்தால் யோசியுங்கள்.

கண்மாய்க் கரையில் ஏறிப் பாருங்கள். எங்கள் பக்கம் ஆவணி, புரட்டாசியிலேயே புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். மழை பெய்து மேலூர்க் கண்மாய் நிறைந்து, அதன் கலுங்கில் வழியும் நீர் வரத்துக்கால் வழியாக நம் கண்மாய்க்கு வர வேண்டும். நடுவில் ஒருவர் வரத்துக்காலை உழுது வயலோடு சேர்த்துக்கொண்டால் எவ்வளவு பெய்தும் பயனில்லை. வந்த நீரை மடை திறந்து வயல் வயலாகப் பங்கிட ஊருக்கு ஒரு நீர்பாய்ச்சி இருந்தார். களத்திலேயே அவருக்குக் கூலி நெல் அளந்துவிடுவார்கள். எங்கள் நீர்பாய்ச்சியின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நானும் ஊரை விட்டு வந்தவன்தான். இப்போது மடைக்கு அவசரப்பட்டவர்கள் திறக்கிறார்கள், பிறகு சண்டை. சலித்துப்போனவர்கள் வயலைத் தரிசு போட, சீமைக் கருவேலம் ஏறிவிட்டது. அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டு விற்பதுதான் சிலருக்கு இப்போது வெள்ளாமை.

ஆகவே உங்கள் கணவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஊரில் இப்போது மடை திறப்பது யார்? சட்டென்று ஒரு பெயர் வந்தால் தைரியமாகப் பெட்டியைக் கட்டலாம். அவர் யோசித்தால், முதலில் திருவிழா இல்லாத நாளாகப் பார்த்துப் போய் வாருங்கள். நவம்பர் 1 கிராம சபைக் கூட்டம் நடக்கும் நாள். ஐப்பசி மழையும் இருக்கும். எத்தனை பேர் வந்து உட்காருகிறார்கள், எதைப் பற்றிச் சத்தம் போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, பத்து நாள் தங்கிய பின் எனக்கு எழுதுங்கள்.

கொசுவலை எடுத்துப் போங்கள்.