பஸ் ஓடாத நாளில் மதுரை விமான நிலையம்

கேள்வி: எங்கள் ஊர் கீழக்கரை. துபாயில் வேலை பார்க்கும் என் மகன் விடுமுறை முடிந்து மதுரையிலிருந்து நண்பகல் விமானத்தில் திரும்புகிறான். அதே நாள் பிற்பகலில் கொழும்பிலிருந்து என் மாமியார் மதுரையில் வந்து இறங்குகிறார். அவருக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. அந்தத் தேதியில் அரசுப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்யப்போவதாக நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். வாடகைக் காரில் ஒரு வழி மட்டும் போதும் என்றாலும் இரண்டு வழிக்கும் சேர்த்துத்தான் பணம் கேட்கிறார்கள். மகனை ரயிலில் அனுப்பிவிட்டு, மாமியாரை மட்டும் காரில் அழைத்து வரலாமா? இல்லை, மகன் முதல் நாளே மதுரைக்குப் போய்த் தங்கிக்கொள்வதா?

பதில்: காரை அமர்த்துவது என்று முடிவாகிவிட்ட பிறகு மகனை ஏன் ரயிலில் அனுப்ப வேண்டும்? மாமியாரை அழைத்துவரப் போகும் வண்டி மதுரை வரை காலியாகத்தானே போகிறது? அந்தக் காலி வண்டியில் மகன் உட்காரட்டும். கார்க்காரர் இரண்டு வழி வாடகை கேட்பது அநியாயமும் இல்லை. விமான நிலைய வாசலில் கீழக்கரைக்கு ஆள் கிடைக்காமல் வெறும் வண்டியாகத் திரும்பினால் டீசல் அவர் கைக்காசு. உங்களுக்குத்தான் போகவும் ஆள் இருக்கிறது, வரவும் ஆள் இருக்கிறது. வேலைநிறுத்த நாளில் இப்படி அமைவது அபூர்வம்.

இடையில் வரும் காத்திருப்பை மட்டும் முன்கூட்டிப் பேசிக்கொள்ளுங்கள். கிலோமீட்டர் கணக்கில் பேசி, அதன்மேல் வெயிட்டிங் என்று மணிக்கணக்கில் ஏற்றினால் கட்டுப்படியாகாது. நாள் வாடகையாகப் பேசுங்கள். ஓட்டுநர் பேட்டா அதில் சேருமா, திருப்பாச்சேத்தி, போகலூர் சுங்கச்சாவடிக் கட்டணம் யாருடையது, விமானம் தாமதமானால் என்ன கணக்கு என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். பேசியதை வாட்ஸ்அப்பில் இரண்டு வரியாக எழுதி அனுப்பி, அவரிடமிருந்து ஒரு ‘சரி’ வாங்கிவிட்டால் மறுநாள் தகராறு வராது. வண்டிக்கு மஞ்சள் எண்பலகை இருக்கிறதா என்றும் பாருங்கள். வேலைநிறுத்தம் என்றால் ஊரில் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் ஓன் போர்டு கார்களெல்லாம் வாடகைக்குக் கிளம்பிவிடும். நூறு இருநூறு குறைவாகக் கேட்பார்கள். ஆனால் சொந்த உபயோகத்துக்கு எடுத்த காப்பீடு, வாடகைக்கு ஓடும்போது விபத்து நடந்தால் கைகொடுக்காது.

இன்னொன்று உங்கள் குடும்பத்தாருக்குப் பிடிக்காமல் போகலாம். சபுராளியை, அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போகிறவரை, ஏற்றிவிட வீட்டோடு கிளம்புவது நம் கரையோரத்து வழக்கம். ஓட்டுநரைச் சேர்த்து ஐந்து பேர் உட்காரும் காரில் மகனும் அவர் பெட்டியும் போக, அத்தை, சின்னம்மா, மச்சான் என்று மீதி இடம் நிரம்பிவிடும். போகும்போது பரவாயில்லை. திரும்பும்போது கொழும்பிலிருந்து வருபவரின் இரண்டு பெட்டிகளையும், கயிறு கட்டிய அட்டைப் பெட்டியையும் எங்கே வைப்பது? வயதானவர் மடியில் பையோடு மூன்று மணி நேரம் உட்கார முடியாது. டிக்கெட் இல்லாதவர்கள் முனையத்துக்குள் நுழையவும் முடியாது, வாசலோடு சரி. ஆகவே கூட ஒருவர் போனால் போதும். மற்றவர்கள் வீட்டிலேயே வழியனுப்பட்டும்.

அடுத்தது நேரம். பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு வரச் சொல்வார்கள். புறப்பட ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருக்கும்போது பெட்டி வாங்கும் கவுண்டரை மூடிவிடுவார்கள். கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் 17 கிலோமீட்டர், அங்கிருந்து மதுரை சுமார் 110 கிலோமீட்டர். சாதாரண நாளில் மூன்று மணி நேரத்தில் முடிகிற பயணம். பஸ் ஓடாத நாளில் பைக்கும் காரும் வேனும் பெருகி, பரமக்குடியில் தேங்கும். உங்கள் ஊரில் சுபுஹு எனும் அதிகாலைத் தொழுகை முடியும் நேரத்துக்கு வண்டி வாசலில் நிற்கட்டும். ஒன்பது மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடலாம். வழியில் டயர் பஞ்சரானாலும் தாங்கும்.

மதுரை ஊருக்குள் போகவே வேண்டாம். விமான நிலையம் நகரத்துக்குத் தெற்கே, பெருங்குடிப் பக்கம் இருக்கிறது. ராமநாதபுரம் சாலையில் விரகனூர் வந்ததும் இடதுபுறம் சுற்றுச்சாலையில் திரும்பி, மண்டேலா நகர் வழியாகப் போய்விடலாம். பழகாத ஓட்டுநர் விரகனூரில் நேராக விட்டு, தெப்பக்குளம் தாண்டிக் காலை நெரிசலில் மாட்டிக்கொள்வார். மகனுக்குத் தெரிந்த வழிதான் என்றாலும், கிளம்பும்போதே ஓட்டுநரிடம் சொல்லிவைப்பது நல்லது.

முதல் நாளே போய்த் தங்குவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நண்பகல் விமானத்துக்கு வண்டி உறுதியாக இருந்தால் தேவையில்லை. விடியற்காலை விமானம் என்றால் யோசிக்காமல் போய்விடுங்கள் என்பேன். அப்படிப் போவதானால் முதல் நாள் மாலை பஸ்ஸை நம்ப வேண்டாம், பகலிலேயே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். வேலைநிறுத்தம் என்றால் நாளிதழில் போட்ட தேதியின் காலையில்தான் தொடங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். 2018 ஜனவரி 4 அன்று மாலையில் ஊதியப் பேச்சு முறிந்தது, அன்றே தமிழ்நாடு முழுக்கப் பஸ்கள் நின்றன. பஸ் நிலையங்களில் மூட்டையோடு காத்திருந்தவர்கள் திண்டாடிப் போனார்கள். அது 11ஆம் தேதி வரை நீண்டது. 2024 பொங்கலுக்கு முன் ஜனவரி 9 அன்று தொடங்கியதோ, மறுநாளே உயர் நீதிமன்றம் தலையிட்டதும் தள்ளிவைக்கப்பட்டது. முன்னறிவிப்பு கொடுத்து 14 நாள் கழியாமல் வேலைநிறுத்தம் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆகவே நமக்கு இரண்டு வாரமாவது அவகாசம் கிடைக்கும். ஆனால் அந்த இரண்டு வாரமும் பேச்சுவார்த்தை நடக்கும், கடைசி இரவில் சமரசமும் ஆகலாம், முறியவும் செய்யலாம். அதனால் வண்டியை இப்போதே பேசி, முன்பணம் கொடுத்துவிடுங்கள். வேலைநிறுத்தம் கைவிடப்பட்டாலும் பெட்டியோடும் வயதானவரோடும் உங்களுக்குக் கார் தேவைதான்.

‘மாற்று ஓட்டுநர்களைக் கொண்டு பஸ்கள் வழக்கம்போல் இயங்கும்’ என்று அறிக்கை வரும். ஓரளவு இயங்கவும் செய்யும். எந்த வழித்தடத்தில், எத்தனை மணிக்கு என்று கேட்டால்தான் யாரிடமும் பதில் இருக்காது. அலுவலகம் போகிறவர் ஒரு மணி நேரம் காத்துப் பார்க்கலாம், விமானம் பிடிக்கிறவர் அப்படிப் பார்க்க முடியாது.

காரே அமையாவிட்டால் மகனுக்கு ரயில் இருக்கிறது, அதை இரண்டாவது வழியாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பஸ் தொழிலாளர் போராட்டம் ரயிலைத் தொடாது. நாடு முழுவதும் ரயில்வே தொழிலாளர்கள் கடைசியாக வேலையை நிறுத்தியது 1974இல். ரயிலில் போவதென்றால் சிக்கல் இரண்டு முனைகளில்தான் இருக்கிறது. வீட்டிலிருந்து ராமநாதபுரம் ஸ்டேஷன் வரை 17 கிலோமீட்டர், மதுரை ஜங்ஷனிலிருந்து விமான நிலையம் வரை சுமார் 12 கிலோமீட்டர். நடுவில் உள்ள தூரத்தைப் பாசஞ்சர் ரயில் சொற்பக் கட்டணத்தில் முடித்துவிடும், இரண்டரை மணி நேரம் ஆகும். ஆகவே பணத்தை முனைகளில் செலவழியுங்கள். ஊர் ஆட்டோக்காரரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள். மதுரையில் ஸ்டேஷன் வாசலில் நின்று பேரம் பேசுவதற்குப் பதில், ரயில் சிலைமான் தாண்டியதுமே செயலியில் ஆட்டோவோ காரோ தேட ஆரம்பியுங்கள்.

ராமநாதபுரத்தில் ஏறும் எல்லா ரயிலும் மதுரை போகாது. இந்த இடத்தில் ஏமாந்தவர்கள் பலர். சென்னை செல்லும் சேது எக்ஸ்பிரஸ் போன்றவை மானாமதுரையில் பிரிந்து காரைக்குடி, திருச்சி வழியாகப் போய்விடும். அவசரத்தில் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டால் மானாமதுரையில் இறங்கி அலைய வேண்டியதுதான். முன்பதிவில்லா டிக்கெட்டைக் கைப்பேசியிலேயே எடுக்கலாம், ஆனால் ஸ்டேஷனுக்குள் நுழைந்த பிறகு அந்த முறை வேலை செய்யாது. வரும் வழியிலேயே எடுத்துவிடுங்கள், அன்று கவுண்டரில் வரிசை வாசல் வரை நிற்கும். அன்றைய ரயில் நேரத்தை 139இல் கேட்டுக்கொள்ளலாம்.

இதே கேள்வி கரையோரத்து மற்ற ஊர்க்காரர்களுக்கும் இருக்கும். ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன்காரர்களுக்குத் தீவை விட்டு வெளியே வர ஒரு சாலைப் பாலம், ஒரு ரயில் பாலம், அவ்வளவுதான். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு ரயில் மீண்டும் ராமேஸ்வரம் வரை வருகிறது. பலத்த காற்று அடித்தால் பாலத்தின் மேல் ரயிலை விடமாட்டார்கள். ஆகவே புயல் சின்னம் இருக்கும் நாளில் கடைசி ரயிலை நம்பாமல், ஒரு ரயில் முன்னதாகவே மண்டபத்தைத் தாண்டிவிடுங்கள். தீவுக்காரர்களுக்கு ஒரு அனுகூலமும் உண்டு. மதுரையிலிருந்து யாத்திரிகர்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் கார்கள் கோயிலைச் சுற்றி நிற்கும். ரிட்டர்ன் வண்டி என்று கேட்டால் ஒரு வழி வாடகைக்கே வருவார்கள். நேரம் அவர்கள் கையில் என்பதால், முதல் நாள் மதுரை போய்த் தங்குகிறவர்களுக்கு இது பொருந்தும். அதிகாலை விமானத்துக்கு இதைக் கணக்கில் வைக்காதீர்கள்.

தொண்டி, திருவாடானைக்காரர்கள் ராமநாதபுரம் பக்கமே வரவேண்டாம். காளையார்கோவில், சிவகங்கை வழி மதுரை நேர்சாலை. சாயல்குடி, கடலாடிக்காரர்களுக்குக் கமுதி, அருப்புக்கோட்டை வழி தோது. விமான நிலையம் மதுரைக்கு அருப்புக்கோட்டைப் பக்கத்தில்தானே இருக்கிறது, ஊரைச் சுற்ற வேண்டியதில்லை. இந்த இரண்டு பகுதிக்கும் ரயில் உதவாது, கார் மட்டுமே. பக்கத்துத் தெருவில் அதே நாளில் பறக்கிறவர் யாராவது இருப்பார், விசாரித்துப் பார்த்துச் சேர்ந்து போங்கள்.

வேலைநிறுத்தத்தையும் மறியலையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். வேலைநிறுத்தம் என்றால் பஸ் மட்டும்தான் ஓடாது, சாலை திறந்திருக்கும். சாலை மறியலில் உங்கள் காரும் நிற்கும், ரயில் மறியலில் ரயிலும் நிற்கும். நம் மாவட்டத்தில் செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் கடைசியில் பசும்பொன்னில் தேவர் குருபூஜை என்று போக்குவரத்தைத் திருப்பிவிடும் நாள்களும் உண்டு, வாடகை வண்டிகளுக்குக் கட்டுப்பாடும் வரும். உங்கள் தேதி அவற்றில் ஒன்றாக இருந்தால், மேலே சொன்ன நேரக் கணக்கை விட்டுவிட்டு முதல் நாளே மகனை மதுரையில் தங்க வையுங்கள்.

இனி டிக்கெட் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. வேலைநிறுத்தப் பேச்சு காற்றில் இருக்கும் காலத்தில் சென்னையிலிருந்து பறப்பதும் மோசமில்லை. தூரம் நான்கு மடங்கு, இருந்தும் சென்னை விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ரயில் நிலையம் இருக்கிறது. ராமநாதபுரத்தில் இரவு ரயிலில் படுத்து, தாம்பரத்தில் இறங்கி, புறநகர் ரயிலில் நான்காவது ஸ்டேஷனில் இறங்கினால் போதும், பஸ்ஸே வேண்டாம். மதுரைக்கு அந்த வசதி இல்லை. உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது, ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் என்று 2025 மாநில பட்ஜெட்டிலும் சொல்லிவிட்டார்கள். அது வரும்போது வரட்டும், அதுவரை நமக்கு மதுரைதான் வாசல்.

பஸ் இல்லாததால் விமானத்தைத் தவறவிட்டேன் என்று சொன்னால் விமான நிறுவனம் பொறுப்பேற்காது. போர்டிங்குக்கு வராதவர் கணக்கில் எழுதிவிடுவார்கள். அப்போதும் டிக்கெட்டில் சேர்ந்திருக்கும் அரசு வரிகளையும் விமான நிலையப் பயனர் கட்டணத்தையும் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பலர் அதைக் கேட்பதே இல்லை. வர முடியாது என்று முன்பே தெரிந்துவிட்டால், விமானம் கிளம்புவதற்குள் தேதியை மாற்றிவிடுங்கள், கட்டணம் போனாலும் டிக்கெட் போகாது.

மாமியாருக்காக விமான நிறுவனத்திடம் சக்கர நாற்காலி கேட்டு இப்போதே பதிவு செய்துவிடுங்கள். அவர் கைப்பையில் உங்கள் எண்ணும் ஓட்டுநர் எண்ணும் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும். இலங்கை சிம் இங்கே வேலை செய்யாமல் போகலாம்.