வாங்குமுன் கேளுங்கள்: கரீபியனில் ஒரு மலிவு வீடு

ஸ்காபரோவில் முழங்காலளவு பனி விழுந்தால் எனக்கு வரும் கடிதங்களும் மாறிவிடும். கார்த்திகை வரை பழைய காரும் வாஷிங் மெஷினும் பற்றிக் கேட்டவர்கள், தை பிறந்ததும் தென்னைமரமும் நீலக்கடலும் கேட்கிறார்கள். இந்தக் கிழமை வந்தவற்றில் பாதிக்கு மேல் கரீபியன் வீடுதான். எல்லாவற்றுக்கும் ஒரே கட்டாகப் பதில் சொல்லிவிடுகிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பேரப்பிள்ளைகளின் கடற்கரைப் படங்களுக்கு நன்றி.

கேள்வி: டிசம்பரில் டொமினிக்கன் குடியரசில் சோசுவாவுக்குப் போயிருந்தோம். ஓட்டலுக்குப் பக்கத்தில் ஓர் அறைத் தொடர்மாடி வீடு, 92,000 அமெரிக்க டொலர். ஏஜென்ட் நல்ல பிள்ளை. அவரே ஒரு சட்டத்தரணியையும் பிடித்துத் தந்திருக்கிறார். அந்தச் சட்டத்தரணிக்கு அற்றோணித் தத்துவம் (எங்களுக்குப் பதிலாகக் கையெழுத்திடும் அதிகாரம்) எழுதிக் கொடுத்தால் நாங்கள் திரும்பப் போகவே தேவையில்லையாம். கையெழுத்துப் போடலாமா?
— ஒரு தம்பதி, ஸ்காபரோ

பதில்: வீட்டை வாங்கலாம். அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள்.

இது என்னுடைய பழைய கோபம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரில் இரண்டு பரப்புக் காணி வாங்க எங்கள் ஆட்கள் என்ன பாடு படுத்துவார்கள்! உறுதியை மூன்று தலைமுறை பின்னால் போய்ப் பார்ப்பார்கள். தோம்பு என்ற பழைய காணிப் பதிவேட்டை எடுப்பார்கள். நில அளவையாளரோடு போய் எல்லைக் கல்லைக் காலால் தட்டிப் பார்ப்பார்கள். பக்கத்து வளவுக்காரரிடம் தேத்தண்ணி குடித்துக்கொண்டே பாதைச் சண்டை, கிணற்றுப் பங்கு எல்லாவற்றையும் கறந்துவிடுவார்கள். இத்தனையும் தாங்கள் பிறந்து வளர்ந்த ஊரில். அதே ஆட்கள் ஒரு சொல் ஸ்பானிஷ் தெரியாத நாட்டில் விற்பவரின் ஏஜென்ட் காட்டிய சட்டத்தரணியிடம் முழு அதிகாரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு, விமானத்தில் ஏறி நித்திரை கொள்கிறார்கள். அந்தச் சட்டத்தரணிக்கு அடுத்த மாத வேலையைத் தரப்போவது நீங்களா, ஏஜென்டா? விடை தெரிந்தால் அவர் யாருடைய ஆள் என்பதும் தெரிந்துவிடும்.

ஆகவே உங்களுக்கென்று ஒரு சட்டத்தரணி. கனடியத் தூதரகத்திடம் பட்டியல் கேட்டுப் பாருங்கள், அங்கே ஏற்கெனவே வீடு வாங்கியவர்களிடமும் விசாரியுங்கள். விலையில் ஒன்று, ஒன்றரை வீதம் கேட்பார். கொடுங்கள். அவருக்குக் கொடுக்கும் தத்துவத்திலும் இந்த வீடு, இந்த விலை, இந்தத் திகதி வரை என்று எல்லை போடுங்கள்.

அவர் பார்க்க வேண்டியதையும் சொல்கிறேன். அங்கே வெளிநாட்டவர் தங்கள் பெயரிலேயே சொத்து வாங்கத் தடை இல்லை, அது நல்ல விஷயம். ஆனால் காணி 'தெஸ்லிந்தே' ஆகியிருக்க வேண்டும், அதாவது தனித்துண்டாக அளந்து எல்லை பிரித்துப் பதிந்திருக்க வேண்டும். அப்படி இல்லாமல் 'கொன்ஸ்தான்சியா அனொத்தாதா' என்ற தாளை மட்டும் காட்டினால், பெரிய காணி ஒன்றுக்குள் இத்தனை சதுர மீட்டர் உங்களுடையது என்றுதான் அர்த்தம். எந்த மூலை என்று அதில் இராது. பிரிக்காத பங்கு வாங்கி அல்லல்பட்டவர் யாரும் உங்கள் குடும்பத்தில் இருந்தால் அவரிடம் கேளுங்கள், மிச்சத்தை அவர் சொல்வார்.

தொடர்மாடி என்பதால் கட்டடம் கொண்டோவாகப் பதிவாகியிருக்கிறதா என்றும், பழைய சொந்தக்காரர் மாதாந்தப் பராமரிப்புக் காசைப் பாக்கி வைத்திருக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். ஈடு, வழக்கு ஏதும் உண்டா என்று பதிவகமே சான்றிதழ் தரும். அது பழையதாக இருக்கக் கூடாது. பெயர் மாற்ற வரி 3 வீதம். ஆண்டுச் சொத்து வரி ஒரு வரம்புக்கு மேலுள்ள பெறுமதிக்கு மட்டும் 1 வீதம். உங்கள் விலை அந்த வரம்புக்குக் கீழேதான்.

கேள்வி: கியூபாவில் வரதேரோவுக்கு ஆறு தடவை போய்விட்டேன். அங்கே எனக்கொரு நல்ல நண்பன். அவன் பெயரில் ஒரு சின்ன வீடு வாங்கிப் போட்டால் என்ன?
— மார்க்கம்

பதில்: அவனுக்கு ஒரு வீடு கிடைக்கும். வீடு விற்க வாங்க 2011 இல் அங்கே அனுமதி வந்தது கியூபர்களுக்கும் அந்த நாட்டில் நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கும்தான். நீங்கள் இரண்டுமில்லை.

கேள்வி: ஸூமில் ஒரு கூட்டம் நடத்தினார்கள். டொமினிக்கனில் புந்தா கானாவுக்குப் பக்கத்தில் கட்டப்போகும் வில்லா. வாடகைக்கு விட்டு வருடம் 10 வீதம் உத்தரவாதமாகத் தருவார்களாம், வரியும் இல்லையாம். அன்றிரவு மட்டும்தான் அந்த விலை என்றதால் 5,000 டொலர் அனுப்பிவிட்டேன். இப்போது மனைவி ஏசுகிறார். நான் செய்தது சரிதானே?
— பிராம்டன்

பதில்: மனைவி சரி.

அன்றிரவு மட்டும்தான் என்று விலை சொல்கிறவன், அடுத்த நாள் காலையில் நீங்கள் யோசிப்பீர்கள் என்று பயப்படுகிறான். வீடு என்ன, மீன் சந்தையில் மத்தியானத்துக்குள் விற்றுத் தீர்க்க வேண்டிய சூடையா?

ஹார்லெக்குயின் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கதை தெரியாதென்றால் இப்போது கேளுங்கள். செயின்ட் வின்சன்ட், பார்படோஸ் போன்ற தீவுகளில் கட்டப்போவதாகச் சொன்ன வில்லாக்களையும் ஓட்டல் அறைகளையும் அது வரைபடத்திலேயே விற்றது. 30 வீதம் முற்பணம். 8,000 பேருக்கு மேல் காசு போட்டார்கள், பலர் ஓய்வூதியச் சேமிப்பையே எடுத்துக் கொடுத்தார்கள். கட்டி முடித்ததோ மிகக் கொஞ்சம். அதை நடத்திய டேவிட் ஏம்ஸுக்கு 2022 இல் லண்டன் நீதிமன்றம் 12 ஆண்டுச் சிறை கொடுத்தது. போன தொகை 226 மில்லியன் பவுண். செயின்ட் வின்சன்டில் புக்கமென்ட் குடாவில் அவர்கள் அரைகுறையாய் விட்ட இடத்தில் 2024 இல் வேறு நிறுவனத்தின் பெரிய ஓட்டல் திறந்துவிட்டது. கடலில் பிழையில்லை, முன்காசு கொடுத்தவர்கள்தான் கரையிலும் இல்லை.

10 வீத உத்தரவாதத்தைப் பற்றி ஒன்று. அந்தக் காசு பெரும்பாலும் உங்கள் விலைக்குள்ளேயே ஏற்றி வைத்திருக்கும் உங்கள் காசுதான். இரண்டு வருடம் திருப்பித் தருவார்கள், பிறகு போனை எடுக்கமாட்டார்கள்.

வரி இல்லை என்பது பொய்யென்று சொல்லமாட்டேன். 'கொன்ஃபோத்தூர்' என்று டொமினிக்கனில் ஒரு சலுகை உண்டு. அரசு அங்கீகரித்த சுற்றுலாத் திட்டங்களில் வாங்கினால் அந்த 3 வீதப் பெயர் மாற்ற வரியும் ஆண்டு வரியும் 15 வருடம் வரை விலக்கு. ஆனால் விண்ணப்பித்திருக்கிறோம் என்பது வேறு, கிடைத்துவிட்டது என்பது வேறு. அரசின் அங்கீகாரத் தீர்மானத்தின் பிரதியைக் கேளுங்கள். கூடவே, 'ஃபிதெய்கொமிசோ' உண்டா என்றும் கேளுங்கள். 2011 ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்குபவர்களின் காசு கட்டுபவரின் பைக்குள் போகாமல் தனிப் பொறுப்புக் கணக்கில் இருக்கும் ஏற்பாடு அது. இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

5,000 டொலரைக் கடனட்டையில் கட்டியிருந்தால் இன்றே வங்கியைக் கூப்பிடுங்கள். வங்கி வழியாக நேரே அனுப்பியிருந்தால் ஒப்பந்தத்தில் திருப்பித் தரும் நிபந்தனையைத் தேடுங்கள். ஒப்பந்தமே இல்லை என்று மட்டும் எனக்கு எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: பதினொரு வருடத்துக்கு முன் கணவரும் நானும் டொமினிக்கனில் டைம்ஷேர் (வருடத்தில் சில நாள் மட்டும் தங்கும் உரிமை) எடுத்தோம். அவர் காலமாகிவிட்டார். பராமரிப்புக் காசு வருடா வருடம் ஏறுகிறது. போன மாதம் ஒருவர் கூப்பிட்டு, அதை வாங்க ஆள் இருக்கிறது என்று சொல்லி முதலில் வரிக்காக 2,800 டொலர் கேட்டார். கட்டிவிட்டேன். இப்போது இன்னும் 4,000 கேட்கிறார். நான் முட்டாள்தனம் செய்துவிட்டேனா?
— ஒரு தாதி, மிசிசாகா

பதில்: இல்லை அக்கா. நீங்கள் செய்தது முட்டாள்தனமில்லை. உங்களைக் குறிபார்த்து அடித்திருக்கிறார்கள். டைம்ஷேர் வைத்திருப்பவர்களின் பட்டியல் இவர்கள் கையில் கிடக்கிறது. அவர்கள் களைத்துப் போயிருப்பார்கள், எப்படியாவது கைகழுவத் துடிப்பார்கள் என்பதும் இவர்களுக்குத் தெரியும். மெக்சிக்கோவின் போதைக் கும்பல்களே இந்தத் தொழிலில் இறங்கியிருப்பதாகச் சொல்லி, 2023 இலிருந்து அமெரிக்கத் திறைசேரி ஆட்களையும் நிறுவனங்களையும் பெயர் குறித்துத் தடை செய்து வருகிறது. அவ்வளவு கைதேர்ந்த ஆட்கள்.

அந்த 4,000 ஐக் கட்டாதீர்கள். வீடு விற்றால் தரகுக் காசை விலையில் கழிப்பார்கள், விற்பவரிடம் முன்காசு கேட்கமாட்டார்கள். வங்கிக்கும் காவல்துறைக்கும் கனடிய மோசடித் தடுப்பு மையத்துக்கும் சொல்லுங்கள். போன காசை மீட்டுத் தருகிறேன் என்று இனி இன்னொருவர் கூப்பிடுவார். அவரும் அதே கூட்டம்தான். ஒப்பந்தத்தில் கணவர் பெயர் எப்படி இருக்கிறது, இறப்புக்குப் பிறகு என்ன என்பதை இங்கே ஒரு சட்டத்தரணி வாசிக்கட்டும். அந்தத் தாள்களை எனக்கும் அனுப்புங்கள்.

ஒன்று சொல்கிறேன், உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். நானும் வைத்திருந்தேன். இலவசக் காலைச் சாப்பாடு, 90 நிமிடம்தான் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். நான்கரை மணி நேரம் கழித்து, பசியும் வெட்கமும் தாங்காமல் கையெழுத்துப் போட்டேன். ஒன்பது வருடம் கட்டினேன், போனது இரண்டு தடவை. அந்த முட்டைப் பொரியலைவிட விலை கூடிய சாப்பாட்டை நான் வாழ்க்கையில் சாப்பிட்டதில்லை. வாங்குமுன் கேளுங்கள் என்று பத்தி எழுதுகிறவனின் யோக்கியதை இது.

கேள்வி: நாங்கள் புதுச்சேரிக் குடும்பம். பிரான்ஸின் கரீபியன் தீவான குவாதலூப்பில் கப்பெஸ்தேர் பக்கம் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஆசை வந்தது. கடலை ஒட்டி ஒரு பழைய வீடு மலிவாக வருகிறது. பிரான்ஸ் சட்டம்தானே, பயமில்லையே?
— லா கூர்நேவ்

பதில்: 1854 இலிருந்து காரைக்கால், புதுச்சேரிப் பக்கமிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களின் வாரிசுகள் அங்கே உண்டு, கோவிலும் உண்டு. தமிழ் பேசுவார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

பிரான்ஸ் சட்டம் என்பது நல்லதுதான். நொத்தாரிசு இல்லாமல் விற்பனை நடக்காது, காசும் அவர் கணக்கில்தான் இருக்கும். ஆனால் கடலை ஒட்டி என்றீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. கரையிலிருந்து 81.20 மீட்டர் அகலத்துக்கு 'ஐம்பது கவடு' என்று ஒரு பட்டி, மன்னர் காலத்திலிருந்து அரசுக்கென்று ஒதுக்கியது. அதில் குடியிருப்பவர்கள் சுவரை விற்கலாம், நிலம் அவர்களுடையதாக இல்லாமல் இருக்கலாம். சிலருக்கு அரசு முறைப்படுத்தி எழுதிக் கொடுக்கிறது. விற்பவர் அதை முடித்துக்கொண்டு வரட்டும்.

அடுத்தது வாரிசுகள். பாட்டி இறந்து முப்பது வருடமாகியும் பிரிக்காத சொத்து அங்கே ஏராளம். 2018 இல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். பத்து வருடத்துக்கு மேற்பட்ட மரபுரிமையில் பாதிக்கு மேல் பங்கு உள்ளவர்கள் சேர்ந்தால் விற்கலாம். மற்ற வாரிசுகள் எதிர்த்து நின்றால் இழுபடும்.

குழாயில் தண்ணீர் எந்த நாளில் வருகிறது என்று அயலவரிடம் கேளுங்கள், அங்கே தண்ணீர் முறை வைத்து நிறுத்தும் பகுதிகள் உண்டு. பின்வளவில் மரவள்ளி, வற்றாளை நடும் எண்ணமிருந்தால் மண்ணைச் சோதியுங்கள். 1972 முதல் 1993 வரை வாழைத் தோட்டங்களில் அடித்த குளோர்தெகோன் என்ற பூச்சிமருந்து இன்னும் அந்த மண்ணில் கிடக்கிறது, கிழங்குகள் அதை இழுக்கும். கப்பெஸ்தேர் வாழைப் பக்கம்தான்.

கேள்வி: சென்னையில் இருக்கிறோம். கரீபியனில் வீடு வாங்கினால் பாஸ்போர்ட்டும் கிடைக்கும் என்று விளம்பரம் வருகிறது. உண்மையா?
— அண்ணா நகர்

பதில்: உண்மை. செயின்ட் கிட்ஸ் 1984 இலிருந்தே கொடுக்கிறது. ஆனால் 2024 இல் அப்படிக் கொடுக்கும் தீவுகள் கூடிப் பேசி, 200,000 டாலருக்குக் கீழே போவதில்லை என்று முடிவெடுத்தன. அந்தத் தொகைக்குக் காட்டுவதும் பெரும்பாலும் ஏதோ ஓட்டலில் ஒரு பங்கு, நீங்கள் போய்ச் சமைத்துச் சாப்பிடும் வீடு இல்லை. அந்தப் பாஸ்போர்ட் கையில் வந்த நாளே இந்தியக் குடியுரிமை போய்விடும்.

வீடு மட்டும் போதுமென்றால், இந்தியாவிலிருந்து ஒருவர் ஒரு நிதியாண்டில் 250,000 டாலர் வரை அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து என்று கட்டாயம் காட்டுங்கள். மறந்துவிட்டேன் என்றால் அபராதம் 10 லட்சம் ரூபாய்.

கேள்வி: ஜமேக்காவில் புயலுக்குப் பிறகு வீடுகள் மலிந்துவிட்டன என்கிறார்கள். செயின்ட் எலிசபெத் பகுதியில் கூரை போன ஒரு வீடு 65,000 பவுண். திருத்தி எடுக்கலாம் என்று நினைக்கிறேன்.
— ஹரோ, லண்டன்

பதில்: 2025 அக்டோபர் 28 இல் மெலிசா ஐந்தாம் தரப் புயலாக ஏறி மிதித்த பகுதி அது. சொந்தக்காரர் விற்க விரும்பி விற்கிறாரா, வேறு வழியில்லாமல் விற்கிறாரா என்று முதலில் பாருங்கள். வேறு வழியில்லாதவரிடம் அடித்துப் பேசாதீர்கள்.

ஜமேக்காவில் உறுதி பார்ப்பது சுலபம். தொகுதி எண்ணும் பக்க எண்ணும் தெரிந்தால் தேசியக் காணி முகவரகத்தில் பிரதி எடுக்கலாம். எண்ணே இல்லை, குடும்பக் காணி என்றால் விலகுங்கள். 2019 இலிருந்து பெயர் மாற்ற வரி 2 வீதம், அதை விற்பவர் கட்டுவார்.

கஷ்டம் காப்புறுதியில்தான் வரும். உதாரணமாக, வீட்டைத் திரும்பக் கட்ட 300,000 ஆகும். காசை மிச்சம் பிடிக்க 150,000 க்குக் காப்புறுதி எடுக்கிறீர்கள். புயலில் சேதம் 80,000. முழுதாகத் தருவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? பாதிக்குத்தானே எடுத்தாய் என்று பாதியைத்தான் தருவார்கள், அதாவது 40,000. அதிலும் புயலுக்கென்று காப்புறுதித் தொகையில் 2 வீதம், 3,000, கழிப்பது அங்கே வழக்கம். கையில் வருவது 37,000. சிறிய எழுத்தை வாசிக்காமல் விட்டவன் சொல்கிறேன். 2013 ஜூலையில் டொரொண்டோவில் வெள்ளம் வந்தபோது என் நிலவறையில் முழங்கால் தண்ணீர். கழிவுநீர்க் குழாய் திரும்பிப் பாய்வதற்குக் காப்பு இல்லை என்று அன்றுதான் படித்தேன்.

புயல் பயம் தீராதென்றால் அரூபா, குராசாவ் பக்கம் பாருங்கள். புயல் பாதைக்குத் தெற்கே இருக்கின்றன. மலிவு என்ற சொல்லை மறந்துவிட வேண்டும்.

கேள்வி: வீடு பார்க்க எந்த மாதம் போவது நல்லது?
— ஏஜாக்ஸ்

பதில்: ஆனி, ஆடி. வெக்கை தெரியும், புயல் காலமும் தொடங்கியிருக்கும், மின்சாரம் எத்தனை தரம் போகிறது என்று எண்ணலாம். 2011 இலிருந்து அத்திலாந்திக்கில் வளரும் சர்காசம் பாசி கோடைக்காலத்தில்தான் கிழக்குக் கரைகளில் மலைமலையாக ஒதுங்குகிறது. அழுகினால் கூழ்முட்டை நாற்றம். அந்த வாயு ஏசி, குளிர்சாதனப் பெட்டியின் செம்பையும் தின்றுவிடும். ஏஜென்ட், 'தை மாதம் வாருங்கோ, அப்பதான் கடல் வடிவா இருக்கும்' என்பார். அதனால்தான் ஆடியில் போகச் சொல்கிறேன்.