காபிப் பொட்டலத்தின் முத்திரை மட்டும் போதுமா?

கேள்வி: விவசாயிக்கு நியாயமான விலை கிடைக்க வழிசெய்யும் 'ஃபேர்ட்ரேட்' முத்திரை உள்ள காபி, சாக்லேட்டை மட்டுமே வாங்குவது என்று எல்லோரும் முடிவெடுத்தால் உலக வணிகம் நேர்மையாகிவிடாதா? வணிக ஒப்பந்தங்களைப் பற்றி நம்மைப் போன்ற சாதாரண மக்கள் கவலைப்பட வேண்டுமா?

பதில்: ஆகாது. கவலைப்படத்தான் வேண்டும்.

முத்திரையைக் குறைத்துச் சொல்லவில்லை. கழுவிப் பதப்படுத்திய அரபிகா காபிக்கு ஃபேர்ட்ரேட் வைத்த குறைந்தபட்ச விலை, 2023 ஆகஸ்ட் முதல் பவுண்டுக்கு 1.80 டாலர். சந்தை விலை அதைத் தாண்டினால் சந்தை விலையே கிடைக்கும். இரண்டில் எதுவானாலும் பொதுத் தேவைகளுக்கென 20 சென்ட் கூடுதலாக உண்டு. விலை சரியும் ஆண்டில் பல குடும்பங்களைக் காப்பாற்றுவது இதுதான். ஆனால் அந்த 1.80 டாலர், கப்பலேற்றும் இடத்தில் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கிடைக்கும் விலை. பதப்படுத்தும் கூலி, லாரி வாடகை, தணிக்கைக் கட்டணம் எல்லாம் போக மிஞ்சுவதுதான் விவசாயிக்கு. விளைச்சல் முழுவதற்கும் சான்றிதழ் வைத்திருக்கும் சங்கங்கள்கூடப் பல நேரம் அதில் ஒரு பகுதியைத்தான் முத்திரை விலைக்கு விற்க முடிகிறது. மீதி சாதாரண விலைக்கே போகிறது. நீங்கள் வாங்க வாங்க அந்தப் பகுதி பெருகும். ஆகவே வாங்குவதை நிறுத்த வேண்டாம்.

முத்திரையால் தொட முடியாத இடம் ஒன்று இருக்கிறது: சுங்கவரி அட்டவணை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது அட்டவணையில் பச்சைக் காபிக்கொட்டைக்கு வரி பூச்சியம். வறுத்த காபிக்கு 7.5 சதவீதம். பார்க்கச் சின்ன எண். கணக்குப் போட்டுப் பாருங்கள். வறுத்த காபியின் விலை 100 டாலர், அதில் கொட்டையின் விலை 70 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வரி 7.50 டாலர். வறுத்தவர் சேர்த்த மதிப்போ 30 டாலர்தான். அந்த 30இல் 7.50 என்றால் கால் பங்கு! வறுக்கும் ஆலையை விளையும் நாட்டில் வைக்காதே என்று அட்டவணை சொல்லாமல் சொல்கிறது.

மிக ஏழை நாடுகளுக்கு விலக்கு உண்டே என்பார்கள். உண்டு. ஆனால் கடைக்கு வரும் வறுத்த காபியில் கலவைகள் ஏராளம். பக்கத்து நாட்டுக் கொட்டையைக் கலந்தால் அது எந்த நாட்டுச் சரக்கு என்ற கேள்வி எழும். பிறப்பிட விதி அதை ஏற்காவிட்டால் சலுகை போய்விடும். எனவே வணிக ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் வரி விகிதத்தைக் குறைக்கச் சொன்னால் மட்டும் போதாது. அண்டை நாட்டு மூலப்பொருளையும் சொந்தச் சரக்காகக் கணக்கிடும் விதியைப் போராடி வாங்க வேண்டும்.

சுற்றுச்சூழல் விதிகளிலும் இதே சிக்கல். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காபி, கோக்கோ விற்பனைக்கு வரக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் இயற்றியது. தேவையான சட்டம். விளைநிலத்தின் இருப்பிடத்தை வரைபட ஆயங்களால் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களால்) காட்ட வேண்டும்: 4 ஹெக்டேருக்கு மேல் என்றால் எல்லை முழுவதையும், அதற்குள் என்றால் ஒரு புள்ளியை. அரை ஹெக்டேர் வைத்திருக்கும் ஆயிரம் பேரைத் தேடிப் போய் அந்தப் புள்ளியைப் பதிவது யார் செலவில்? வாங்கும் நிறுவனம் ஏற்காவிட்டால் அது நேரே பெருந்தோட்டங்களிடம் போய்விடும். ஒரு மரத்தைக்கூட வெட்டாத சிறு விவசாயி சந்தையை இழப்பார். பதிவுச் செலவு யாருடையது என்பதும் சட்டத்திலேயே இருக்க வேண்டும்.

அடுத்து, வணிக, முதலீட்டு ஒப்பந்தங்களில் பலர் புரட்டியே பார்க்காத பக்கம்: வெளிநாட்டு முதலீட்டாளர் ஓர் அரசைச் சர்வதேச நடுவர் மன்றத்துக்கு இழுக்க வழிசெய்யும் ஷரத்து. தங்கச் சுரங்க அனுமதி கிடைக்காத நிறுவனம் ஒன்று 2009இல் எல் சால்வடாருக்கு எதிராக வழக்குத் தொடுத்து, கடைசியில் 25 கோடி டாலர் கேட்டது. 2016இல் எல் சால்வடார் வென்றது. வழக்குச் செலவில் ஒரு பகுதியாக 80 லட்சம் டாலர் கொடுக்கும்படி நிறுவனத்துக்கு உத்தரவானது. ஆனாலும் ஏழு ஆண்டுகள் அந்தச் சின்ன நாட்டின் தலைக்கு மேல் கத்தி தொங்கியது. ஒப்பந்தத்தை விட்டு விலகினாலும் உடனே விடுதலை இல்லை. எரிசக்தித் துறை முதலீடுகளைப் பாதுகாக்கும் பன்னாட்டு ஒப்பந்தமான எரிசக்தி சாசன உடன்படிக்கையிலிருந்து 2016இல் இத்தாலி வெளியேறியது. வெளியேறிய பிறகும் பழைய முதலீடுகளுக்கு 20 ஆண்டுகள் பாதுகாப்பு என்று அதில் எழுதியிருந்ததால், 2017இல் அதன் பேரிலேயே ஓர் எண்ணெய் நிறுவனம் இத்தாலி மீது வழக்குப் போட்டது.

எனவே அடுத்த ஒப்பந்தம் பேச்சுவார்த்தையில் இருக்கும்போதே உங்கள் மக்கள் பிரதிநிதிக்கு எழுதுங்கள். பதப்படுத்திய பொருளுக்கு வரி எவ்வளவு, பிறப்பிட விதி என்ன, முதலீட்டாளர் வழக்கு ஷரத்து இருக்கிறதா, இருந்தால் விலகிய பின் எத்தனை ஆண்டு உயிரோடிருக்கும் என்று கேளுங்கள். வரைவைக் கையெழுத்துக்கு முன்பே வெளியிடச் சொல்லுங்கள். கையெழுத்தான பிறகு அது நாடாளுமன்றத்துக்கு வந்தாலும், பெரும்பாலும் அப்படியே ஏற்பது அல்லது மறுப்பது என்ற இரண்டே வழிதான்.