அம்மா சேர்ப்பதும் மகள் எறிவதும்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 39 வயது. மதுரையில் கணவர், 11 வயது மகனோடு வசிக்கிறேன். இரண்டு தெரு தள்ளி அம்மா தனியாக இருக்கிறார். வயது 68, ஓய்வுபெற்ற ஆசிரியை. ஊரில் எல்லோருக்கும் நல்லவர். எனக்கு மட்டும் அவர் வீட்டுக்குள் நுழைந்தாலே மூச்சு முட்டுகிறது.

அம்மா எதையும் வெளியே போட மாட்டார். பழைய பேப்பர், ஹார்லிக்ஸ் பாட்டில், கழுவிக் காயவைத்த பால் கவர், ஐஸ்கிரீம் டப்பா, யார் யார் கல்யாணத்திலோ கொடுத்த தாம்பூலப் பை, என்றைக்கோ கட்டி முடித்த கரண்ட் பில். பரண் நிரம்பி, மாடி அறை நிரம்பி, இப்போது கூடத்திலும் ஓர் ஆள் நடக்கத்தான் வழி இருக்கிறது. கட்டிலில் பாதி துணி மூட்டை. மீதி இடத்தில் ஒருக்களித்துப் படுக்கிறார். அப்பா இருந்தவரை அவ்வப்போது அம்மாவுக்குத் தெரியாமல் கொஞ்சம் எடைக்குப் போட்டுவிடுவார். அவர் காலமான பிறகு கேட்க ஆளில்லை.

சின்ன வயதில் நான் ஒரு தோழியைக்கூட வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாடி அறையைப் பூட்டிவிட்டோம். மாப்பிள்ளையின் அத்தை “மேல என்ன இருக்கு?” என்று கேட்டபோது எனக்கு உடம்பே கூசிப்போனது. அம்மாவுக்கு அது நினைவில்கூட இல்லை.

நான் அவருக்கு நேர்மாறு. ஆறு மாதம் கை படாத பொருள் என் வீட்டில் தங்காது. அம்மாவிடம் சொன்னால் “என்னைக்காவது உதவும்டி” என்கிறார். சண்டை போட்டால் அழுகிறார். என் மகனையும் கெடுக்கிறார். அவன் உடைந்த கார், கிரிக்கெட் அட்டை, பழைய டிராயிங் நோட்டு எல்லாவற்றையும் ஒரு ஷூ பெட்டியில் போட்டு அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறான். கேட்டால், “பாட்டி வீட்லதான் பத்திரமா இருக்கும்” என்கிறான். அது கிடக்கட்டும்.

அடுத்த மாதம் அம்மா காசிக்குப் போகிறார். சாவி என்னிடம்தான் இருக்கும். ஒரு டெம்போ வைத்து மொத்தத்தையும் ஒழித்துவிடலாம் என்று இருக்கிறேன். கணவர் வேண்டாம் என்கிறார். வந்ததும் நாலு நாள் அழுவார், அப்புறம் பழகிவிடுவார் என்பது என் எண்ணம். தோழிகளைக் கூப்பிட முடியாமல் வளர்ந்தவளின் வேதனை யாருக்குப் புரியும்? செய்யலாமா, சொல்லுங்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

செய்யாதீர்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். ‘அது கிடக்கட்டும்’ என்று நீங்கள் ஒதுக்கிவிட்ட விஷயத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை.

ஒரு பையன் தனக்குப் பிடித்ததையெல்லாம் பெட்டியில் போட்டு, இரண்டு தெரு தாண்டிக் கொண்டுபோய் ஒப்படைத்திருக்கிறான். பாட்டி கெடுத்துவிட்டார் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் வீட்டில் தன் பொருள் நாளைக்கு இருக்குமா என்று அவனுக்கு நிச்சயமில்லை. பள்ளி விட்டு வந்து எதையோ தேடி, கிடைக்காமல் போன நாள் ஒன்று இருந்திருக்கும். உங்களிடம் அவன் சண்டை போடவில்லை, பெட்டியை இடம் மாற்றிவிட்டான். சண்டை போடும் பிள்ளையைவிட இப்படிச் சத்தமில்லாமல் விலகுகிற பிள்ளையை நினைத்துத்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

பாட்டியைப் போல அவனும் ஆகிவிடுவானோ, ஏன் நீங்களே ஆகிவிடுவீர்களோ என்ற பயம் உங்களுக்கு இருப்பதாக நினைக்கிறேன். பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. இந்தப் பிரச்சினை குடும்பங்களில் தொடர்வதுண்டு; முதல் அறிகுறிகள் பெரும்பாலும் 11 முதல் 15 வயதுக்குள் தலைகாட்டுகின்றன. ஆனால் உங்கள் மகனிடம் இருப்பது ஒரே ஒரு ஷூ பெட்டி. அதில் எது எங்கே கிடைத்தது, ஏன் பிடிக்கும் என்று அவனால் கதை கதையாகச் சொல்ல முடியும், கேட்டுப் பாருங்கள். அந்த வயதில் பிள்ளைகள் சேர்க்கத்தான் செய்வார்கள். அது நோயல்ல.

அம்மாவுக்கு நேர்மாறு என்று உங்களைச் சொல்லிக்கொள்கிறீர்கள். எனக்கு இரண்டு வீடும் ஒரு விஷயத்தில் ஒன்றாகத்தான் தெரிகிறது. எது இருக்கலாம், எது போகலாம் என்பதை இரண்டிலும் ஒரே ஆள் முடிவு செய்கிறார். உங்கள் சிறு வயதில் அம்மா உங்களைக் கேட்கவில்லை. இன்று நீங்கள் உங்கள் மகனைக் கேட்பதில்லை. பெட்டியைத் திருப்பிக் கொண்டுவா என்று அவனிடம் சொல்லாதீர்கள். அலமாரியில் ஒரு தட்டை அவனுக்கென்று விட்டு, அதில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லுங்கள். ஆறு மாதக் கணக்கு அந்தத் தட்டுக்குக் கிடையாது. அவன் உடனே நம்ப மாட்டான், பொறுத்திருங்கள்.

இனி அம்மா. நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால் இது வெறும் சிக்கனமோ பிடிவாதமோ அல்ல. கட்டிலில் படுக்க இடமில்லாத அளவுக்குப் போய்விட்டால் மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை. ஆங்கிலத்தில் இதை ‘ஹோர்டிங்’ என்பார்கள். முன்பு இதை ஓசிடி என்ற எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வகையாகத்தான் கருதினார்கள். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம்-5 கையேடு இதைத் தனி நோயாகச் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனமும் ஐசிடி-11 என்ற தன் நோய்ப் பட்டியலில் ஏற்றுக்கொண்டது. இந்த நோய் உள்ளவர்களுக்கு ஒரு பால் கவரைத் தூக்கிப் போடுவதுகூட உண்மையான வேதனை. வீடு எந்த நிலையில் இருக்கிறது என்பது பலருக்கு உறைப்பதே இல்லை. பெண் பார்த்த அன்று நீங்கள் பட்ட அவமானம் அம்மா நினைவில் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். உங்கள்மேல் அக்கறை இல்லை என்று அதற்கு அர்த்தமல்ல. வறுமையில் வளர்ந்ததால் வருவது என்று பலர் சொல்வார்கள். ஆய்வுகளில் அப்படி நேரடித் தொடர்பு தென்படவில்லை. இழப்புக்குப் பிறகு கூடுவதுதான் அதிகம். அப்பாவின் மறைவோடு சேர்த்துப் பாருங்கள்.

டெம்போ யோசனைக்கு வருகிறேன். ஊரில் இல்லாதபோது வீட்டைக் காலி செய்தால் அறைகள் மறுபடி நிரம்பிவிடும், உங்கள்மேல் அம்மாவுக்கு இருந்த நம்பிக்கைதான் திரும்பாது. அப்பா செய்ததைத்தானே செய்யப் போகிறேன் என்று கேட்கலாம். அத்தனை வருடம் அவர் ரகசியமாக எடைக்குப் போட்டும் அம்மா மாறவில்லையே. நாலு நாள் அழுவார் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. துணையை இழந்து தனியாக இருக்கும் 68 வயதுப் பெண்மணி அவர்.

அவசரம் என்றால் அடுப்படியும் நடக்கும் வழியும் கட்டிலும்தான். தீப்பிடித்தாலோ, இரவில் தடுக்கி விழுந்தாலோ ஆபத்து. இந்த மூன்றை மட்டும், அம்மா கூடவே இருக்க, ஒவ்வொரு பொருளையும் அவரே எடுத்துக் கொடுக்க, கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யுங்கள். காசியிலிருந்து வந்ததும் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எதற்கும் ஞாபகசக்தியையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சிந்தனைப் போக்கை மாற்றும் சிகிச்சையால் நல்ல பலன் கண்டவர்கள் உண்டு, மெதுவாகத்தான் நடக்கும். உங்கள் ஊர் அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ல் இலவசமாகப் பேசலாம்.

அந்த எண்ணில் முதலில் நீங்கள் உங்களுக்காகப் பேசுங்கள். தோழியைக் கூப்பிட முடியாத அந்தப் பெண்ணைப் பற்றிக் கடிதத்தில் இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு அப்போது யாரும் ஆறுதல் சொல்லவில்லை. அதை டெம்போவால் சரிசெய்ய முடியாது.